காட்டுக்குக் கிடைத்த முப்பது நாள்

கொழும்பிலே குடியிருந்த தமிழர் வீடுகளில் ஒரு காலத்தில் தவறாது காணப்பட்ட பொருள் ஒன்று உண்டு. அஃது அலுமாரியுமன்று, ஆட்டுக்கல்லுமன்று, பழைய தேயிலைப் பெட்டி. மெல்லிய ஒட்டுப்பலகையை நாற்புறமும் நிறுத்தி, ஓரங்களிலே தகரப்பட்டி அடித்து, உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய அந்தப் பெட்டி, மலைநாட்டுத் தேயிலையைக் கடல் கடந்து கொண்டு செல்வதற்கெனப் பிறந்தது. ஆயினும் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் அதற்கு வேறு பிறவிகள் வாய்த்தன. பிள்ளைகளின் பழைய புத்தகங்கள் அதனுள் உறங்கின. வீடு மாறும்போது பித்தளைப் பாத்திரங்கள் வைக்கோலுக்கிடையே அமர்ந்து அதனுள்ளே பயணம் செய்தன. கவிழ்த்து வைத்தால் மேசை. மேலே வெள்ளைத் துணி விரித்தால் நவராத்திரிக் கொலுவுக்குப் படி.

பம்பலப்பிட்டியில் எமது வீட்டிலும் அத்தகைய பெட்டிகள் இரண்டு இருந்தன. ஏதோ ஒரு தோட்டத்தின் பெயரும் நிறையும் கறுப்பு மையில் அவற்றின்மேல் பொறிக்கப்பட்டிருந்தன. பெட்டிக்குள் இருந்த தேயிலை எங்கே விளைந்தது என்பதைப் பெட்டியே சொல்லியது. பெட்டியின் பலகை எங்கே விளைந்தது என்பதை அது சொல்லவில்லை. வீட்டிலே கேட்பாரும் இல்லை. இன்று தேயிலை தாட்பைகளில் ஏற்றப்படுகின்றது; பெட்டி மறைந்துவிட்டது. ஆனால் அந்தப் பலகையின் கதை, இந்நாட்டின் காடுகளைப்பற்றி நாம் அறியவேண்டிய பெரியதொரு கதை. அதனையே இந்த ஞாயிற்றுக்கிழமை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

ஒட்டுப்பலகை செய்வது விந்தையான தொழில். பருத்து நெடிது நிமிர்ந்த அடிமரமொன்றைச் சுழலவைத்து, அதன் முழு நீளத்துக்கும் ஒரு கத்தியைப் பொருத்தினால், சுருட்டிவைத்த சீலையை விரிப்பதுபோல மரம் மெல்லிய தாளாக உரிந்து வரும். அத்தாள்களை நெடுக்கும் குறுக்குமாக மாற்றி மாற்றி அடுக்கிப் பசையிட்டு அழுத்தினால் பலகை ஆகின்றது. இதற்கு வளைந்த மரமும் கணுவுள்ள மரமும் உதவா. வெளிச்சத்தை நாடி நூறடிக்கு மேலே நேராக ஏறிய காட்டுமரமே வேண்டும். அத்தகைய மரங்கள் நிற்குமிடம் இலங்கையின் தென்மேற்கிலுள்ள ஈரவலயக் காடுகள். காலிக்கு அண்மையில் கிந்தோட்டையிலே ஒட்டுப்பலகை ஆலையொன்று முன்பே இருந்தது. 1960களின் பிற்பகுதியில் கொஸ்கமையில் மற்றொரு பேராலையை அமைக்க அரசு திட்டமிட்டபோது, அதற்கு இரையாகச் சிங்கராஜவனமும் அதனை அடுத்த காடுகளும் குறிக்கப்பட்டன.

சிங்கராஜவனம் இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடப்பது. வடபுறத்து ஓடைகள் களுகங்கையைச் சேர்கின்றன. தென்புறத்து ஓடைகள் ஜின்கங்கையை நிரப்புகின்றன. ஆண்டுதோறும் அங்கே பெய்யும் மழை 3,000 மில்லிமீற்றருக்கும் அதிகம். யாழ்ப்பாணத்து மழையின் இருமடங்குக்கு மேல். அங்குள்ள மரங்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாத, இத்தீவுக்கே உரிய இனங்கள். 1930களிலேயே ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி ஜோன் பேக்கர் இங்கு வந்து ஆராய்ந்து, இக்காட்டின் அருமையை உலகுக்கு எழுதியிருக்கின்றார்.

எழுதியவற்றை வாசித்தோர் சிலர். மரத்தைக் கனவடியில் எண்ணியோர் பலர். 1970களின் முற்பகுதியில் யந்திரங்கள் காட்டுக்குள் நுழைந்தன. பாதைகள் வெட்டப்பட்டன. தேர்ந்த மரங்களை மட்டுமே வீழ்த்துவதாகச் சொல்லப்பட்டது. ஆனால் நூறடி மரமொன்று விழும்போது தனியாக விழுவதில்லை. அயலையும் இழுத்துக்கொண்டே விழுகின்றது. அதனை இழுத்துச் செல்லும் யந்திரமோ, தான் போகும் வழியெல்லாம் மண்ணை இறுக்கிச் செல்கின்றது.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்நாட்டிலே ஒருவர் தம் வளவில், தம் பாட்டன் நட்ட பலாமரத்தைத் தறிப்பதற்கும் அரசாங்கத்திடம் அனுமதி பெறவேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அவ்வாறு விதித்தது. பஞ்சகாலத்தில் பசி தீர்த்த மரமென்பதால் பலாவுக்கு அந்தக் காவல் கிடைத்தது, மிக நன்று. ஆனால் பொதுமக்களின் சொத்தாகிய ஒரு பெருங்காட்டிலே கை வைக்குமுன், ‘இதனால் என்ன விளையும்?’ என்று ஆராய்ந்து அதனை மக்கள்முன் வைக்கவேண்டுமென்ற சட்டம் அந்நாளில் இருக்கவில்லை. வளவுப் பலாவுக்கு விண்ணப்பம் வேண்டியிருந்தது. சிங்கராஜவனத்துக்குக் கட்டளையொன்றே போதுமாயிருந்தது.

எவரும் கேட்காத இடத்திலே தாமாகவே வாய் திறந்தவர்கள் சிலர். அவர்களுள் முதன்மையானவர் திலோ ஹொஃப்மன். சுவிற்சர்லாந்திலே பிறந்து, 1946ஆம் ஆண்டில் கொழும்பிலுள்ள ஒரு வர்த்தக நிறுவனத்தில் பணியாற்ற வந்தவர். பின்னர் வனசீவராசிகள் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவராக விளங்கியவர். அவர் காட்டுக்குள்ளே நடந்து, கண்டதைக் கணக்கிட்டு, 1972இல் சிங்கராஜவனத்தைப்பற்றி ஒரு சிறு நூலை எழுதினார். அறிஞர்களும் இயற்கை அன்பர்களும் பொதுமக்களும் அவரோடு சேர்ந்து குரல் எழுப்பினர். பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் சென்றன. மனுக்கள் சென்றன. ஆண்டுகள் சில கழிந்தன. காட்டின் ஒரு பகுதியும் கழிந்தது. ஈற்றில் 1977இல் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டே யுனெஸ்கோவின் உயிரினவள ஒதுக்குகளுள் ஒன்றாகவும், 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாகவும் சிங்கராஜவனம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மரபுரிமையாகப் பதிவான பரப்பு 8,864 ஹெக்டேயர்.

சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு குடாவைப் பக்கமாக அக்காட்டைப் பார்க்கச் சென்றோம். இரத்தினபுரி வழியாகப் போய், கலவானையைக் கடந்து, தேயிலைச் சரிவுகளுக்கிடையே ஏறும் பாதை அது. காட்டின் வாயிலிலே எம்மை முதலில் வரவேற்றவை அட்டைகள். காலுறைக்கு மேலே சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்ட எமது இல்லாளை அவை அணுகவில்லை. சவர்க்காரம் வேண்டாவென்று வீரம் பேசிய மூத்த மகனை விடவுமில்லை.

உள்ளே நடப்பதற்கு அகன்ற பாதையொன்று இருந்தது. ‘இவ்வளவு பெரிய காட்டுக்குள் இத்தனை நல்ல பாதையா?’ என்று வியந்தோம். வழிகாட்டியாக வந்த கிராமத்து இளைஞர் புன்னகை செய்தார். மரம் ஏற்றிய வாகனங்களுக்காக அன்று வெட்டிய பாதைதான் அது என்றார். பாதையின் இருமருங்கிலும் ஒல்லியான இளமரங்கள் நெருங்கி நின்றன. சிறிது தூரம் சென்றதும் அவர் ஓர் ஒற்றையடிப் பாதையில் எம்மைத் திருப்பினார். அங்கே மரங்கள் தூண்களாயின. வெளிச்சம் குறைந்தது, குளிர்ச்சி கூடியது. நிலத்தை மூடிக் கிடந்த இலைமெத்தையில் எமது காலடியோசையும் அடங்கிவிட்டது. கோடரி படாத பகுதி அதுவென்று அவர் சொல்லுமுன்பே பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அங்கே நின்று அவ்விளைஞர் காட்டிய ஒரு சிறு செடியை மறக்க முடியாது. பெரலியா என்று சிங்களத்தில் வழங்கும் மரத்தின் கன்று அது, முழங்காலளவு உயரம். இம்மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்துக் காய்க்கின்றன. நெல்லைப்போலவும் பயற்றைப்போலவும் அவற்றின் விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது, உலர்ந்தால் இறந்துவிடும். விழுந்தவுடன் ஈரநிழலில் முளைத்து, தாய்மரத்தின் கீழே, எங்கோ ஒரு முதுமரம் சரிந்து வானம் திறக்கும்வரை, ஆண்டுக்கணக்காக அக்கன்று காத்திருக்கவேண்டும். யந்திரம் இழுத்த வழியிலே அதற்கு நிழலுமில்லை, இளகிய மண்ணுமில்லை. காட்டை வெட்டிவிட்டு ‘மீண்டும் நடுவோம்’ என்று சொல்வது எளிது. எதனை நடுவது, எப்போது நடுவது என்பது எளிதன்று. காட்டின் ஓரத்திலே நடப்பட்ட பைன் மரங்களின் நிழலில் இக்காட்டுக்குரிய கன்றுகளை வளர்த்தெடுக்கப் பேராதனைப் பல்கலைக்கழக அறிஞர்கள் 1990களில் தொடங்கிய முயற்சி பலன் தந்திருக்கின்றது. ஆயினும் அந்த மரங்களும் இன்னும் பிள்ளைப்பருவம் தாண்டவில்லை.

திரும்பும் வேளையில் பறவைக் கூட்டமொன்று எம்மைக் கடந்தது. ஒரே இனமன்று, பல இனங்கள் சேர்ந்து இரைதேடும் கூட்டம். செம்மஞ்சட் சொண்டுடைய தவிட்டுக்குருவிகள் இலைகளைக் கலைத்துச் செல்ல, இரட்டைவால் குருவி மேலே காவல்போல நின்று குரல் கொடுக்க, சிறியனவும் பெரியனவுமாக மற்றப் பறவைகள் பின்தொடர்ந்தன. சில நிமிடங்களில் அவை சென்றுவிட, காடு மீண்டும் மௌனமாயிற்று.

சிங்கராஜவனம் பிழைத்ததோடு கதை முடிந்துவிடவில்லை. 1986ஆம் ஆண்டில் இலங்கையின் வனத்துறைக்கென ஒரு பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. ஈரவலயத்து இயற்கைக் காடுகளிலே மரம் எடுக்கும் யோசனையும் அதில் இடம்பெற்றிருந்தமையால் மீண்டும் கண்டனம் எழுந்தது. இம்முறை விளைவு வேறாயிருந்தது. முதலில் கோடரி, பிறகு ஆராய்ச்சி என்ற முறை மாறி, முதலில் ஆராய்ச்சி என்றாயிற்று. 1990ஆம் ஆண்டில் இயற்கைக் காடுகளிலே மரம் வெட்டுவது நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. 1991 முதல் 1996 வரை, உலக உணவு விவசாய நிறுவனத்தினதும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தினதும் துணையோடு, வனத் திணைக்களம் தேசியப் பாதுகாப்பு மீளாய்வு என்னும் பெரும்பணியை நடத்தியது. 204 காடுகளுக்குள் மனிதர் கால்நடையாகச் சென்றனர். மரஞ்செடிகளை எண்ணினர். விலங்கு, பறவை, வண்ணத்துப்பூச்சி, நத்தை ஆகியவற்றையும் பதிந்தனர். எந்தக் காடு மண்ணரிப்பைத் தடுக்கின்றது, எந்தக் காடு வெள்ளத்தைத் தணிக்கின்றது, எந்தக் காடு ஆற்றின் தலைநீரைக் காக்கின்றது என்பதையும் கணித்தனர்.

தண்ணீரின் பேச்சு வந்ததும் கொழும்புவாசிகளாகிய நாம் சற்று நிமிர்ந்து உட்காரவேண்டும். 1880களிலே இந்நகரத்துக்குக் குழாய்நீர் தந்தது லபுகம நீர்த்தேக்கம். பின்னர் களட்டுவாவ அதனோடு சேர்ந்தது. இன்று களனி ஆற்றின் நீரே கூடுதலாக வருகின்றதாயினும், அவ்விரு தேக்கங்களும் இன்னும் எமக்காக உழைக்கின்றன. அவற்றைச் சூழ்ந்து நிற்பது காடு. அந்நீருக்காகவே காக்கப்பட்ட காடு. ஆகவே காடு என்பது தொலைவிலே உள்ள காட்சிப்பொருள் அன்று. அடுக்களைக் குழாயின் மறுமுனை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால் எமது இல்லாள் கொத்தமல்லியோடு போட்டு அவிக்கும் மரமஞ்சளும் ஈரவலயக் காட்டின் கொடிதான். சிங்களத்தில் வெனிவெல் என்பர். வெள்ளவத்தை மருந்துச் சரக்குக் கடையில் அது துண்டுகளாகக் கிடக்கும்போது, அதற்கும் ஒரு காடு உண்டென்பது தோன்றுவதில்லை.

இனி, இக்கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, பெரிய வேலைத்திட்டங்களைத் தொடங்குமுன் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யவேண்டுமென்ற விதி அதிலே சேர்ந்தது. எவ்வெத் திட்டங்களுக்கு என்பதை 1993ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தல் வரையறுத்தது. ஐந்து ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் மரம் எடுப்பதும், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதும் அப்பட்டியலிலே உள்ளன. அறிக்கை ஆயத்தமானதும் அதனை மறைத்து வைத்தல் ஆகாது. எங்கே, எந்நேரத்தில் பார்வையிடலாம் என்பதை வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒவ்வொரு பத்திரிகையிலும் அறிவிக்கவேண்டும். அன்றிலிருந்து முப்பது நாட்களுக்குள் பொதுமக்களில் எவரும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம்.

எவரும் என்பது சட்டத்தின் சொல். நிலச்சொந்தக்காரரோ விஞ்ஞானியோ அவ்வூரவரோ ஆகவேண்டுமென்ற நியதி இல்லை. பம்பலப்பிட்டியில் மாடிவீட்டில் குடியிருப்பவரும் எழுதலாம், தமிழிலே எழுதலாம்.

அறிக்கையைக் கண்டு மலைக்கவும் வேண்டியதில்லை. அதிலே என்ன இருக்கவேண்டுமென்று சட்டமே சொல்கின்றது. திட்டத்தினால் தவிர்க்கக்கூடிய தீங்கு எது, தவிர்க்க முடியாத தீங்கு எது? இதனிலும் தீங்கு குறைந்த வேறு வழிகள் எவை. அவை ஏன் தள்ளப்பட்டன? ஒருமுறை இழந்தால் மீளப் பெற முடியாதது எது? இம்மூன்று வினாக்களுக்கும் நேரான விடை இருக்கின்றதா என்று பார்ப்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கும்போது எமது தாய்மார் இந்த மூன்று வினாக்களையுந்தான் கேட்கின்றார்கள்.

இவற்றையெல்லாம் ஒருநாள் மாலை கடற்கரை வீதியில் உலாவும்போது அயல்வீட்டு முதியவர் ஒருவரிடம் சொன்னோம். ஓய்வுபெற்ற ஆசிரியர், உலகம் அறிந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, அது அவையின்ரை காடு. ஆரோ வெட்டினம், ஆரோ மறிக்கினம். நாங்கள் எழுதி என்ன வரப்போகுது?” என்றார்.

அவரை நாம் குறைசொல்லவில்லை. கேட்கப்படாமலே பலவற்றை இழந்த மக்களுக்கு, ‘உங்கள் கருத்து யாது?’ என்ற அறிவித்தலைக் கண்டால் நம்பிக்கை வருவது கடினம். வடக்கிலே போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகத் தறிக்கப்பட்ட பனைகள் எத்தனை! ஒரு தலைமுறை நட்டு, மறு தலைமுறை பயன்கொள்ளும் மரம் பனை. அவற்றைத் தறித்தபோது எவரிடமும் எவரும் கேட்கவில்லை. அந்த இழப்பு எமக்குத் தெரிந்த இழப்பு. ஆகையாற்றான், கேட்கவேண்டுமென்று ஒரு சட்டம் சொல்லும்போது அதன் அருமையை எம்மைவிட அறிந்தவர் இருக்க முடியாதென்று அந்த ஆசிரியரிடம் சொன்னோம். காடு அரசின் பெயரிலே பதிவாகியிருக்கலாம். அரசின் காடென்றால் அதில் எமக்கும் ஒரு பங்குண்டு. பங்கைக் கோராதிருப்பவனுக்குப் பங்கு வழக்கொழிந்து போகும். அவர் சிறிது நேரம் கடலைப் பார்த்தபடி நடந்தார். பிறகு, “அந்த அறிவித்தல் எந்தப் பக்கத்திலை வரும்?” என்று கேட்டார்.

கருத்துச் சொல்வதென்றால் எல்லாவற்றையும் எதிர்ப்பதென்று பொருள் கொள்ளலாகாது. 2020ஆம் ஆண்டில் நெலுவையிலிருந்து லங்காகமைக்குச் செல்லும் வீதியைச் சிங்கராஜவனத்தருகே அகலமாக்கத் தொடங்கியபோது நாடெங்கும் வாதம் மூண்டது. காட்டுக்காகப் பேசியவர்களிடம் நியாயம் இருந்தது. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பவும் வழி கேட்ட கிராமத்தவரிடமும் நியாயம் இருந்தது. இரு நியாயங்களையும் ஒரே தாளில் எழுதி, நடுவே வேறு வழி உண்டா என்று தேடுவதற்கே முன்னாய்வு என்பது ஏற்பட்டது. வேலை தொடங்கிய பின் எழும் வாதத்தில் காடும் தோற்கும், கிராமமும் தோற்கும்.

‘காட்டை வெட்டாவிட்டால் பலகைக்கு எங்கே போவது?’ என்ற கேள்வியும் நியாயமானதே. 1990இன் தடைக்குப் பின் நாடு மரமின்றி நின்றுவிடவில்லை. வீட்டுத்தோட்டத்துப் பலாவும் தென்னையும், காலம் முடிந்த இறப்பர் மரமும், நட்டு வளர்த்த தேக்கும், இறக்குமதி மரமும் அவ்விடத்தை நிரப்பின. தேயிலையோ தாட்பையிலே பத்திரமாகக் கப்பலேறுகின்றது. பெட்டி இன்றியும் வணிகம் நடக்குமென்பதை அன்றே ஒருவர் ஆராய்ந்து சொல்லியிருந்தால், வானம் தொட்ட எத்தனையோ மரங்கள் இன்றும் நின்றிருக்கும். ‘வேறு வழி எது?’ என்ற அந்த ஒரு வினாவின் பெறுமதி அத்தகையது.

ஆகவே வாசகர்களிடம் நாம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. பத்திரிகையிலே திருமணப் பகுதியையும் மரண அறிவித்தலையும் ஊன்றிப் படிக்கும் நாம், கேள்விப்பத்திரங்களுக்கும் ஏல விற்பனைகளுக்கும் இடையே நெருங்கிய எழுத்தில் வரும் சுற்றாடல் அறிவித்தலையும் ஒரு கணம் நின்று பார்ப்போமாக. காட்டின் பெயர் அதிலே இருந்தால், தேதியைக் குறித்துக்கொள்வோம். பிள்ளைகளில் ஒருவரையும் அழைத்துக்கொண்டு சென்று அறிக்கையைப் புரட்டுவோம். மூன்று வினாக்களையும் தமிழில் எழுதி, பெயரையும் விலாசத்தையும் இட்டு, முப்பதாம் நாளுக்கு முன்னே தபாலில் சேர்ப்போம்.